மூன்று எழுத்துகளின் வரலாறு: அடையாற்று மாதர் சங்கமும் அதன் தொண்டும்

சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களிலிருந்தும் நோயுற்ற தாயையோ தந்தையையோ அழைத்துக்கொண்டு அங்குச் சென்று வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்நிலையத்தின் பெயரை முழுமையாகப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். புற்றுநோய் நிலையம் என்னும் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். கவலையோடு வரிசையில் நிற்பவருக்கு அவ்வெழுத்துகளின் பொருளை எண்ணிப் பார்க்கப் பொழுது இராது. நலம் பெற்று வீடு திரும்பிய பின்னரும் அதைக் கேட்டறிபவர் சிலரே.

அம்மூன்று எழுத்துகளும் ஒரு மாதர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். ‘விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்’ என்பது அதன் முழுப்பெயர். தமிழில் இந்திய மாதர் சங்கம் எனலாம். 1917இல் அச்சங்கத்தைத் தொடங்கியவர்கள் மருத்துவமனை கட்டும் எண்ணத்தோடு கூடியவர்கள் அல்லர். எழுத்துக் கற்பிக்கவும், தையல் பழக்கவும், குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசவும் கூடியவர்கள் அவர்கள். அத்தகையதொரு கூட்டம் 37 ஆண்டுகளுக்குப் பின் நாடறிந்த மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவித்தது எவ்வாறு? இடைப்பட்ட காலத்தில் அது கடந்து வந்த படிகள் எவை? மாதர் சங்கம் என்றால் பண்டிகைக் காலத்தில் கோலப் போட்டி நடத்தும் அமைப்பு என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, இவ்வரலாறு சிலவற்றைக் கற்பிக்கக்கூடும்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுப் பெண்களின் நிலையை ஒரே எண்ணால் உணர்த்திவிடலாம். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே. பெண்ணுக்குப் பள்ளி வாய்த்த ஊர்களிலும் இளம் வயதுத் திருமணம் அப்படிப்பை இடையில் நிறுத்தியது. கணவனை இழந்த சிறுமியருக்குக் கல்வியும் இல்லை, வாழ்வும் இல்லை. சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி, தாமே இளமையில் கணவனை இழந்தவராய் இருந்தும் பட்டம் பெற்று, 1910களின் தொடக்கத்தில் இளம் விதவையருக்கென ஓர் இல்லம் அமைத்தார். அவரைப் போன்ற சிலர் ஆங்காங்கே விளக்கேற்றி வந்தனர். ஆயினும் பெண்கள் பலர் ஒன்றுகூடித் தம் பெயரால் தாமே நடத்தும் பேரமைப்பு அப்போது சென்னை மாகாணத்தில் வேரூன்றியிருக்கவில்லை.

1917 மே 8ஆம் நாள் அடையாற்றில் அவ்வமைப்பு பிறந்தது. அடையாறு அன்று நகரின் எல்லைக்கு அப்பால், தோப்பும் துரவுமாய் இருந்த இடம். பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்கிருந்தமையால், பல நாட்டவரும் பல சமயத்தவரும் அங்கே கூடி வாழ்ந்தனர். இலங்கையைச் சேர்ந்த சி. ஜினராஜதாசரின் துணைவியாரான டோரதி அம்மையார், அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார், அன்னி பெசன்ட் அம்மையார் ஆகியோர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர்கள். அம்மு சுவாமிநாதன், மாலதி பட்வர்தன் முதலிய இந்தியப் பெண்மணிகளும் தொடக்கம் முதலே அதில் பங்கேற்றனர். அன்னி பெசன்ட் அம்மையார் முதல் தலைவரானார்.

இவர்களுள் கசின்ஸ் அம்மையாரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1878இல் பிறந்த அவர், இசைக்கலையில் பட்டம் பெற்றவர். தம் தாய்நாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். 1915இல் கணவருடன் இந்தியா வந்து, மதனப்பள்ளியில் ஆசிரியப் பணி மேற்கொண்டார். அங்கே உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிச் சிறியதொரு சங்கத்தை நடத்தியபோதுதான், ஊர்தோறும் இத்தகைய சங்கம் தோன்றினால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது. அயல்நாட்டிலிருந்து வந்தவர் விதை கொணர்ந்தார் என்பது உண்மை. அதனை ஏற்று வளர்த்தது இந்நிலம் என்பதும் உண்மை.

வகுப்பும் இதழும்

சங்கத்தின் கிளைகள் செய்த முதற்பணி மிக எளியது. வளர்ந்த பெண்களுக்கு வகுப்பு நடத்துவதே அது. தாய்மொழியில் எழுத்தும் வாசிப்பும், தையல், முதலுதவி, சுகாதாரம், குழந்தைப் பேணல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. பள்ளிக்கூடத்தின் கதவு ஒருமுறை மூடப்பட்ட பெண்ணுக்கு இரண்டாம் முறை அதனைத் திறந்துவிட்ட வகுப்பு அது. ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றிருந்தது. சமய வேறுபாடு, இன வேறுபாடு பாராமல் உறுப்பினர் சேர்க்கப்பட்டனர். கட்சி அரசியலில் சங்கம் சாய்வதில்லை என்பதும் கொள்கையாக இருந்தது. ஓராண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் தோன்றின என்பதிலிருந்து, இத்தகைய அமைப்புக்கு நாடு எவ்வளவு காத்திருந்தது என்பது விளங்கும்.

1918இல் ‘ஸ்திரீ தர்மம்’ என்னும் இதழைச் சங்கம் தொடங்கிற்று. ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு முதலிய மொழிப் பகுதிகளையும் கொண்டிருந்த அவ்விதழ் 1936 வரை வெளிவந்தது. ஒரு கிளையில் நடந்த பணி மற்றொரு கிளைக்குத் தெரிய அவ்விதழ் வழி செய்தது. ஓர் ஊரில் பத்துப் பெண்கள் கூடித் தையல் வகுப்பு நடத்தினால், அதுவும் செய்தியாக அச்சேறும். அதனைப் படிக்கும் வேற்றூர்ப் பெண்கள் தாங்களும் தொடங்கலாமே என்று துணிவர். கல்வியறிவு பெற்ற பெண்கள் அருகியிருந்த காலத்தில், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கமே இத்தகைய இதழ்களுக்கு உரிய இடத்தைத் தந்தது.

எழுத்தறிவைப் போலவே பெரிய பயன் ஒன்றும் அவ்வகுப்புகளால் விளைந்தது. வீட்டுக்குள் தனித்தனியே துன்புற்றிருந்த பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து பேசியபோது, தத்தம் தலைவிதி என்று எண்ணியிருந்தவை பலருக்கும் பொதுவானவை என்று கண்டனர். பதின்மூன்று வயதில் பிள்ளை பெற்று நலிந்தவள் ஒருத்தி அல்லள். மருத்துவச்சி இன்றி மகவை இழந்தவள் ஒருத்தி அல்லள். துன்பம் பொதுவானது என்று தெரிந்தபின், அதற்குக் காரணம் யாது என்ற கேள்வி தானே எழும். அக்கேள்வியே சங்கத்தை வகுப்பறையிலிருந்து அடுத்த படிக்கு இட்டுச் சென்றது.

பள்ளி கேட்கச் சென்றவர்கள்

1917ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் குறித்துக் கருத்தறிய இந்தியா வந்தார். பெண் கல்வியையும் பிற சமூகத் தேவைகளையும் அவரிடம் எடுத்துரைக்கக் கசின்ஸ் அம்மையார் அனுமதி வேண்டினார். அரசியல் பொருள்களைப் பற்றி முறையிடும் குழுக்களையே அமைச்சர் சந்திப்பார் என்று விடை வந்தது. மற்றொருவராயின் அவ்விடையோடு அமைந்திருப்பர். அம்மையாரோ, அவ்வாறாயின் அரசியலையே கேட்போம் என்று முடிவு செய்தார். வரவிருக்கும் சீர்திருத்தத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்னும் கோரிக்கை அவ்வாறு அம்மனுவில் இடம்பெற்றது.

1917 டிசம்பர் 18ஆம் நாள் சென்னையில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. சரோஜினி நாயுடு அம்மையார் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வாக்குரிமையோடு பெண் கல்வி, மருத்துவ வசதி, மகப்பேற்று நலம் ஆகியவற்றையும் அவர்கள் வலியுறுத்தினர். இவ்விரண்டு வகைக் கோரிக்கைகளும் ஒரே மனுவில் அமைந்திருந்தது தற்செயல் என்று தோன்றலாம். எனினும் அவற்றிடையே உள்ள உறவு ஆழமானது. பள்ளியும் மருத்துவமனையும் அமைக்கும் அதிகாரம் ஆட்சி மன்றங்களிடம் இருக்கையில், அம்மன்றங்களைத் தேர்வு செய்வதில் பங்கில்லாதவர் என்றும் இரந்து நிற்கவேண்டியவரே. தெருவில் ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பிய பெண்கள், வாக்குச்சீட்டின் தேவையை உணர்ந்தது இவ்வாறுதான்.

உடனடியாக வெற்றி கிட்டவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வாக்குரிமையை நேராக வழங்காமல், மாகாண மன்றங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அதனை ஏற்று, இந்தியாவிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த மாகாண மன்றம் என்னும் பெயரைப் பெற்றது. சொத்தும் வரியும் தகுதிகளாக இருந்தமையால், அவ்வுரிமை உண்மையில் எய்தியது மிகச் சிலருக்கே. குடிசையில் வாழ்ந்த பெண்ணுக்கு அதனால் பயன் இல்லை. எனினும் பெண் என்னும் காரணத்தாலேயே ஒருவரை விலக்கும் விதி நீங்கிற்று. மீதித் தடைகள் நீங்க நாடு விடுதலை பெறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மன்றத்தில் ஒரு மருத்துவர்

சங்கத்தின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். அவருடைய தாயார் இசை வேளாளர் மரபில் வந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட குடும்பங்களில் பெண் குழந்தையின் வாழ்வு எவ்வாறு முன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது என்பதை அவர் நூல்களில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. மருத்துவத் தொழிலில் சிறந்து விளங்கிய காலத்திலேயே அவர் மாதர் சங்கத்தோடு இணைந்தார்.

1926இல் பெண்கள் சட்டமன்றத்தில் அமர்வதற்கு இருந்த தடை நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில், கசின்ஸ் அம்மையாரின் தூண்டுதலால் கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டுச் சிறிய வேறுபாட்டில் தோல்வியுற்றார். மறுபுறம், மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். நோயாளிகளை விட்டுச் செல்லத் தயங்கிய அவரைச் சங்கத்தார் வற்புறுத்தியே இணங்கச் செய்தனர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகிய அவரை, மன்றம் தன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

மன்றத்தில் அவர் எழுப்பிய பொருள்களைப் பார்த்தால், சங்கக் கிளைகளின் வகுப்பறைகளில் பேசப்பட்டவை அங்கு வந்து சேர்ந்ததை உணரலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பெண் கல்விக்கு உதவி, திருமண வயது உயர்வு ஆகியன அவற்றுட் சில. குழந்தைத் திருமணத் தடுப்புக்காக நாடெங்கும் மாதர் அமைப்புகள் எழுப்பிய குரலுக்கு, 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் விடையாயிற்று. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அச்சட்டம் குறைந்த வயதை வரையறுத்தது. இன்றைய நோக்கில் அது மிகக் குறைவு. அன்றோ அதற்கே கடும் எதிர்ப்பு இருந்தது.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நீக்க அவர் மேற்கொண்ட முயற்சியே மிகக் கடுமையானது. 1927இல் அவர் கொணர்ந்த தீர்மானத்தை மன்றம் ஏற்றது. 1929ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தேவதாசியர் அனுபவித்து வந்த மானிய நிலங்களைக் கோயில் பணி என்னும் நிபந்தனையினின்று விடுவித்து, அவர்களுக்கே உரிமையாக்கியது. வழக்கத்தை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில், அவ்வழக்கத்தின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசியும், 1936இல் நாவல் எழுதியும் துணை நின்றார்.

இவ்வியக்கத்தில் நாம் மறைக்கலாகாத பகுதியும் ஒன்று உண்டு. தேவதாசியர் பலர் அன்று இச்சட்டத்தை எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய கலைச்செல்வியர் மனு அளித்தனர். எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றி முடிவு செய்யலாமா என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். இசையிலும் நடனத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த பெண்கள், தம் வாழ்க்கைப் பிடிப்பையும் மதிப்பையும் ஒருங்கே இழந்தனர். அவர்கள் காத்த கலையோ வேறு கைகளுக்கு மாறிப் புகழ் பெற்றது. சிறுமியரின் வாழ்வைக் காத்த சட்டம் வேண்டியதே என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் தொண்டு செய்வோர், தொண்டு பெறுவோரின் சொல்லைக் கேட்காமல் விரைந்தால் நல்ல செயலிலும் காயம் நேரும் என்பதற்கு இது சான்று.

கதவைத் தட்டியவர்கள்

சட்டம் ஒரு வழக்கத்தைத் தடுக்கலாம். அவ்வழக்கத்திலிருந்து வெளியேறி வந்த சிறுமி அன்றிரவு எங்கே உறங்குவாள் என்பதற்குச் சட்டத்தில் விடை இராது. முத்துலட்சுமி அம்மையார் இதனை விரைவிலேயே உணரும்படி நேர்ந்தது. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் மன்றப் பதவியைத் துறந்தார். அக்காலத்தில், பொட்டுக்கட்டும் வாழ்வை விட்டு விலகிய சிறுமியர் சிலர் அடைக்கலம் வேண்டி அவர் வீட்டுக்கு வந்தனர். சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகள் குலத்தைக் காரணம் காட்டி அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடமளித்தார்.

ஔவை இல்லம் அவ்வாறு தோன்றியது. தமிழ் மூதாட்டியின் பெயரைச் சூட்டிய அவ்வில்லம் குலம் கேட்பதில்லை. வந்த சிறுமிக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கைத்தொழிலும் அளித்தது. பின்னாளில் அடையாறு பகுதியில் தனக்கென இடம் பெற்றுப் பள்ளிகளோடு வளர்ந்து, இன்றும் நடந்து வருகிறது. ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கிய இல்லம், தோற்றுவித்தவரின் மறைவுக்குப் பின்னும் நிலைத்திருக்கிறது என்றால், அதனைத் தம்முடையதாகக் கருதிப் பேணிய பல கைகள் இருந்தன என்பது பொருள்.

சங்கத்தோடு தொடர்புடைய பிறரும் இவ்வழியைப் பின்பற்றினர். சங்கத்தின் பொறுப்புகளில் பணியாற்றிய அம்புஜம்மாள், சீனிவாச ஐயங்காரின் மகளார், காந்தியத் தொண்டர். அவர் 1948இல் சென்னையில் சீனிவாச காந்தி நிலையத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்குத் தொழிலும் ஆதரவும் கிடைக்கச் செய்தார். மாதர் சங்கத்தில் கணக்கும் நடவடிக்கைக் குறிப்பும் எழுதிப் பழகிய பயிற்சி, பின்னர் ஓர் அமைப்பைத் தாமே நடத்தும் திறமாக முதிர்ந்தது. நாட்டில் பெண்கள் நடத்திய நிலையங்கள் பலவற்றுக்கும் நாற்றங்காலாக அமைந்தவை இத்தகைய சங்கங்களே.

மருத்துவமனை எழுந்த கதை

முத்துலட்சுமி அம்மையாரின் இளைய சகோதரி 1920களின் தொடக்கத்தில் புற்றுநோயால் மறைந்தார். தாமே மருத்துவராய் இருந்தும், அருகிருந்தும், காக்க இயலாத துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. பின் இங்கிலாந்தில் மேற்படிப்புக்காகத் தங்கியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அங்கு இயங்குவதைக் கண்டார். நம் நாட்டிலும் அத்தகையதொரு நிலையம் வேண்டும் என்னும் எண்ணம் உறுதியாயிற்று. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அக்கருத்தை வெளிப்படையாக முன்வைத்தார்.

அன்றைய மனநிலை அதற்கு உகந்ததாக இல்லை. புற்றுநோய் வந்தவர் இறப்பது உறுதி. அதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே ஆட்சியாளரிடையிலும் மருத்துவரிடையிலும் பரவலாக இருந்த எண்ணம். நோயின் பெயரை உரக்கச் சொல்லவே மக்கள் அஞ்சினர். அரசின் உதவி கிட்டாத நிலையில், மாதர் சங்கம் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கியது. நிதி திரட்டுவது என்றால் என்ன என்பதை நம் அறக்கட்டளைப் பணிகளில் ஈடுபட்டோர் அறிவர். வீடு வீடாகச் செல்ல வேண்டும். ஒரே விளக்கத்தை நூறு முறை உரைக்க வேண்டும். மறுத்தவர் வாயிலுக்கே மறுபடியும் செல்ல வேண்டும். அம்மையாருக்கு அப்போது அகவை அறுபதைக் கடந்திருந்தது.

1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. பன்னிரண்டு படுக்கைகள், கீற்றுக் கொட்டகைகள், விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளர்கள். அவ்வளவே அதன் தொடக்கம். அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தம் வாழ்நாளை அதற்கே ஒப்படைத்தார். 1955இல் டாக்டர் சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். அரசுப் பணிக்கான வாய்ப்பை விட்டு, நிலைத்திருக்குமா என்றே தெரியாத ஒரு சிறு மருத்துவமனைக்கு வந்தவர், 2021இல் மறையும் வரை அவ்வளாகத்தை விட்டு நீங்கவில்லை. புற்றுநோயைக் கதிர்வீச்சால் குணப்படுத்தும் கோபால்ட் கருவி 1950களிலேயே கனடாவிலிருந்து அங்கு வந்தது. செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே தரமான சிகிச்சை, பணம் இல்லை என்பதால் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்னும் நெறி அன்றே வகுக்கப்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், அடையாற்றில் பல்லாண்டு நோய்வாய்ப்பட்டிருந்த கசின்ஸ் அம்மையார் காலமானார். எழுத்து வகுப்பும் தையல் வகுப்புமாகச் சங்கத்தை விதைத்தவர், அச்சங்கத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனை திறக்கப்படுவதற்குச் சில திங்கள் முன்பே கண்மூடினார். முத்துலட்சுமி அம்மையார் மாநிலச் சமூக நல வாரியத்தின் தலைவராகவும் பணியாற்றி, 1956இல் பத்மபூஷண் விருது பெற்று, 1968இல் மறைந்தார். மருத்துவமனைக்குத் தம் பெயரையோ சகோதரியின் பெயரையோ சூட்டிக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சூட்டப்பட்டதோ சங்கத்தின் பெயர். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மூன்று எழுத்துகளும் அங்கு நிற்பதன் காரணம் இதுவே.

நமக்கு உரியது

இவ்வரலாற்றைப் பெரியோர் சிலரின் சாதனையாக மட்டும் படித்து வியந்து நின்றுவிட்டால், அதன் பயனை நாம் இழந்தவர்களாவோம். தலைவியரின் பெயர்கள் சட்டமன்றக் குறிப்புகளில் இருக்கின்றன. வாரந்தோறும் அடுப்பங்கரை வேலையை முடித்துவிட்டு வகுப்புக்கு வந்த பெண், அவளுக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக் கொடுத்த மற்றொரு பெண், உண்டியலோடு படியேறி இறங்கிய மூதாட்டி ஆகியோர் கல்வெட்டுகளில் இடம்பெறுவதில்லை. ஆனால் இத்தகையோர் இல்லாமல் சட்டமன்றத்தில் பேசியவருக்குப் பேசுவதற்குப் பொருளும் இராது. பின்னே நிற்பதற்குப் படையும் இராது.

சங்கம் நடந்த வழியை நான்கு படிகளாகக் காணலாம். முதலில் தம் தெருவில் கண்ட குறையைத் தம் கையாலேயே நீக்க முயன்றனர், அது வகுப்பாயிற்று. தம் கை எட்டாத காரணம் ஒன்று அதன் பின்னே இருப்பதைக் கண்டபோது, ஆட்சியாளரிடம் சென்று கேட்டனர். அது வாக்குரிமையும் சட்டமும் ஆயிற்று. சட்டம் காக்காதவருக்குக் கதவைத் திறந்தனர், அது இல்லமாயிற்று. எவரும் செய்ய முன்வராததைத் தாமே செய்யத் துணிந்தனர், அது மருத்துவமனையாயிற்று. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து எழுந்தது. நேரே நான்காம் படியில் கால் வைக்க முயன்றிருந்தால், அவர்கள் வீழ்ந்திருப்பர். முதற்படியிலேயே அமர்ந்திருந்தால், இன்று நாம் அவர்களை நினைக்கக் காரணம் இராது.

நம் ஊர்களில் மாதர் சங்கங்கள் இல்லாமல் இல்லை. திருவிழாக்களில் அன்னம் பரிமாறுவதும், அரங்கை அணிசெய்வதும், விழா நடைபெறத் தோன்றாத் துணையாய் நிற்பதும் அவர்களே. அதே கைகள் ஊர்ப் பள்ளியில் இடைநின்ற பெண்பிள்ளைகளைக் கணக்கெடுக்கலாம். முதியோர் மட்டுமே எஞ்சியுள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சென்று வரலாம். பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனை முகாமை ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் நடத்த முயலலாம். முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவதே நம் பெண்களின் உயிரைப் பெரிதும் பறிக்கிறது. அச்சத்தாலும் நாணத்தாலும் மறைத்து வைக்கும் கட்டியைப் பற்றி மற்றொரு பெண்ணிடம் மட்டுமே ஒரு பெண் வாய் திறப்பாள். மருத்துவர் செல்ல முடியாத அவ்விடத்துக்கு மாதர் சங்கம் செல்லும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. கூடும் நாள் தவறாமல் கூடுவதும், பேசியதைக் குறித்து வைப்பதும், பொதுக்கணக்கை அனைவர் முன்னும் வைப்பதும், உதவி பெறுவோரின் சொல்லை முதலில் கேட்பதும் வேண்டும். மருந்தும் கல்வியும் அடைக்கலமும் அளிப்பதை அறமென்று தலைமுறைதோறும் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இது புதிய பாடம் அன்று. கூடிச் செய்யும் முறை ஒன்றே புதிதாகக் கற்க வேண்டியது.

அடுத்த முறை அடையாற்று மருத்துவமனைக்கு உறவினரை அழைத்துச் செல்பவர் எவரேனும், காத்திருக்கும் நேரத்தில் அப்பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராக. உடன் வந்த மகள் அம்மூன்று எழுத்துகளின் பொருள் யாது என்று கேட்டால், எழுதப் படிக்கக் கற்க ஒன்றுகூடிய பெண்கள் சிலருடைய சங்கத்தின் பெயர் என்று அவளுக்குச் சொல்வாராக.